ஒட்டுக் கேட்டவனின் கடமை

பிறர் வீட்டு வாசலில் நின்று உள்ளே நடக்கும் பேச்சுக்குக் காது கொடுக்கலாகாது என்பதை, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பதற்கு முன்பே நாம் கற்றுவிடுகிறோம். ஸலாம் சொல்லி நிற்க வேண்டும். மறுமொழி வந்தால் நுழைய வேண்டும். வராவிட்டால் முகம் கோணாமல் திரும்பிவிட வேண்டும். உம்மாவும் சாச்சியும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருக்கையில் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டதற்காகக் காது திருகப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

ஆனால் வலியப் போய்க் கேட்கவில்லை. தானாகவே காதில் வந்து விழுந்துவிட்டது என்றால்? கண்ணுக்கு இமை இருக்கிறது, மூடிக்கொள்ளலாம். காதுக்கு இமை இல்லை. சுவர் ஒன்றாக இருக்கும் வீடுகளில் அண்டை வீட்டாரின் வறுமையும் பிணக்கும் நோயும் நாம் கேட்காமலே நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அப்படித் தெரிந்துவிட்ட ஒன்றை என்ன செய்வது? ஊரறியச் சொல்லலாமா? அடுத்த வீட்டில் பசி என்று தெரிந்தபின், தெரியாதவரைப் போல் நம் வீட்டில் விருந்து வைக்கலாமா? கேட்டது குற்றமன்று எனினும், கேட்டபின் பழைய மனிதராக இருந்துவிட முடியாது.

இந்தக் கேள்வியை நாம் ஈண்டு எழுப்புவது அண்டை வீட்டாரைக் கருதியன்று. இதே கேள்வி, மனித குலம் முழுவதற்கும் உரியதாக, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகக் கடலுக்கடியில் எழும்பி நிற்கிறது. திமிங்கிலங்களின் குரலை நாம் ஒட்டுக் கேட்டுவிட்டோம். அவற்றைக் கேட்பதற்காக அன்று. வேறு யாரையோ கேட்கப் போய், இடையில் கேட்டுவிட்டோம். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கடல் மௌனமானது என்று கவிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். கரையில் அலை இரையும், ஆழத்தில் அமைதி. இது பிழை. காற்றில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கடல்நீரிலோ 1,500 மீட்டர். 1826ஆம் ஆண்டிலேயே ஜெனீவா ஏரியில் கொலாடோன், ஸ்டூர்ம் என்னும் இருவர் நீருக்குள் மணியடித்து, தொலைவில் மற்றொரு படகில் அமர்ந்து அது வந்துசேரும் நேரத்தை அளந்து, நீரில் ஒலியின் வேகத்தைக் கண்டார்கள். வேகம் மட்டுமன்று. வெளிச்சம் சில நூறு மீட்டருக்குள் தோற்றுப்போகும் அந்த உலகில் ஒலி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. கடலில் வாழ்வனவற்றுக்குக் காதுதான் கண்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944ஆம் ஆண்டு, மாரிஸ் யூயிங் என்னும் அமெரிக்க அறிவியலார் இதைவிடப் பெரிய வியப்பொன்றைக் கண்டார். கடலில் கீழே செல்லச் செல்லக் குளிர் கூடுகிறது. அதனால் ஒலியின் வேகம் குறைகிறது. இன்னும் கீழே போனால் நீரின் அழுத்தம் கூடி வேகம் மறுபடியும் ஏறுகிறது. இடையில், பல கடல்களில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு அமைந்திருக்கிறது. அதனுள் புகுந்த ஒலி மேலே போக முயன்றாலும் வளைந்து திரும்புகிறது. கீழே போக முயன்றாலும் வளைந்து திரும்புகிறது. கால்வாயில் ஓடும் நீரைப்போல் அந்த அடுக்குக்குள்ளேயே ஓடுகிறது. சிறியதொரு வெடியின் ஓசை அதன் வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கப்பாலும் கேட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் சோவியத் நாட்டில் பிரெகோவ்ஸ்கிக் என்பவரும் தனியாக இதையே கண்டறிந்தார்.

இவ்வளவு அருமையான வழி இருப்பது தெரிந்ததும் மனிதன் அதை எதற்குப் பயன்படுத்தினான்? பகைவனை ஒட்டுக் கேட்க! 1950களில் அமெரிக்கக் கப்பற்படை கடலடியில் ஒலிவாங்கிகளை வரிசை வரிசையாகப் பதித்து, கரையிலுள்ள நிலையங்களுக்குக் கம்பிவடம் இழுத்தது. சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்களின் எஞ்சின் ஓசையைத் தொலைவிலிருந்தே பிடிப்பது நோக்கம். முழுவதும் பரம இரகசியம். அந்த நிலையங்களில் இரவும் பகலும் காகிதச் சுருளில் விழும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, எந்தக் கப்பலுக்கும் பொருந்தாத சில கோடுகள் அடிக்கடி தட்டுப்பட்டன. வினாடிக்கு 20 அதிர்வு, அதாவது 20 ஹெர்ட்ஸ்; மனிதக் காதின் கடைசி எல்லை. ஒரே சீராக, நாடி துடிப்பதுபோல், மணிக்கணக்கில். இது பகைவனின் புதிய சூழ்ச்சியோ என்றுகூட எண்ணியவர்கள் உண்டு. வில்லியம் ஷெவில், வில்லியம் வாட்கின்ஸ் முதலானோர் 1964ஆம் ஆண்டில் அது ஃபின் திமிங்கிலத்தின் குரல் என்று நிறுவினார்கள். உலகின் பெரிய உயிர்களுள் இரண்டாவதாக நிற்கும் ஓர் உயிர் அழைத்துக்கொண்டிருந்தது. இங்கே மனிதர்கள் அதைப் போர்க்கருவியென ஐயுற்றுக்கொண்டிருந்தார்கள். அச்சம் மனிதனின் செவியை எப்படியெல்லாம் கெடுத்துவிடுகிறது!

இனி, இக்கதையில் நாம் மிகவும் மதிக்கும் மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஃபிராங்க் வாட்லிங்டன். அட்லாண்டிக் கடலில் பெர்முடா என்னும் சிறு தீவில் அமெரிக்கக் கப்பற்படைக்காக ஒலிவாங்கிகளைக் கவனித்துவந்த பொறியாளர். கூனல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தைக் கரீபியன் கடலின் வெதுவெதுப்பில் கழித்து, குட்டி ஈன்று, இளவேனிலில் வடக்கே இரை மிகுந்த குளிர்நீருக்குப் போகும் வழியில் பெர்முடாவைக் கடக்கின்றன. அப்போது அவருடைய ஒலிநாடாவில் விம்மலும் உறுமலும் குழலோசையுமாக ஏதேதோ பதிந்தன. திமிங்கிலக் குரல்தான் என்பதை அவர் அறிந்துகொண்டார். அறிந்தும் ஆண்டுக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. பதவிக்குரிய இரகசியம் என்பது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், இந்தக் குரலைத் திமிங்கில வேட்டைக்காரர்கள் அறிந்தால், குரலை வைத்தே தேடிப் போய்க் கொன்றுவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார்.

அந்த அச்சம் வீணானதன்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என்று பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். விளக்கெரிக்க எண்ணெய், சோப்புக்கும் மார்கரினுக்கும் கொழுப்பு, உரத்துக்கு எலும்பு. நாமும் விலகி நின்றவர்களல்லர். நம் முன்னோர் மணிமுடிச் சீமான்களுக்கும் மணவீட்டாருக்கும் விற்ற அம்பர் அந்த உயிரின் குடலிலிருந்து வந்ததுதான். யூனுஸ் நபியின் சரிதையில் பெருமீனைக் கேட்டறிந்த நாம், அதன் வாசனையை அறிந்திருந்தோம், குரலை அறியவில்லை.

கேட்டதை வெளியிடாமல் வைத்திருந்த வாட்லிங்டனின் செயலுக்கு நம் வழக்கில் அழகான ஒரு சொல் உண்டு: அமானிதம். ஒப்படைத்தவர் யாரென்று தெரியாத அமானிதம்! பொருளை ஒப்படைத்தவன் ஒருநாள் திரும்பக் கேட்பான். அந்தக் கண்ணிலேயே பலர் நேர்மையாக இருப்பார்கள். தன்னிடம் ஒன்று ஒப்படைக்கப்பட்டிருப்பதை ஒப்படைத்தவனே அறியாதபோது காக்கிறவன்தான் அமானிதம் காப்பவன்.

ஆனால் அமானிதத்தைப் பூட்டி வைப்பது மட்டுமா கடமை? 1960களின் பிற்பகுதியில் ரோஜர் பெயின், கேட்டி பெயின் என்னும் தம்பதியர் அவரைத் தேடி வந்தார்கள். இவர்கள் கொல்ல வந்தவர்களல்லர் என்று கண்டதும் அவர் ஒலிநாடாவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். யாரிடம் மறைப்பது, யாரிடம் கொடுப்பது என்று தேர்ந்தறிந்ததில்தான் அவருடைய அறம் முழுமை பெற்றது என்பது நம் கருத்து. அந்த ஒலிநாடாக்களைத் திரும்பத் திரும்பக் கேட்ட ரோஜர் பெயினும் ஸ்காட் மெக்வேயும் ஓர் உண்மையைக் கண்டு 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கூனல் திமிங்கிலம் வாய்க்கு வந்தபடி ஒலி எழுப்பவில்லை. ஒழுங்கு மாறாமல் அடி, அடியின் தொகுதி, தொகுதிகளின் வரிசை என்று ஒரு பாட்டை ஏழு நிமிடம் முதல் அரை மணி வரை பாடி, முடிந்ததும் முதலிலிருந்து தொடங்குகிறது. 1970ஆம் ஆண்டு அது இசைத்தட்டாகவே வெளிவந்தது. 1979ஆம் ஆண்டு ஜனவரியில் ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழ் தன் பிரதியொவ்வொன்றிலும் மெல்லிய தட்டொன்றை இணைத்து ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பாட்டை அனுப்பியது. 1977ஆம் ஆண்டில் விண்வெளிக்கு ஏவப்பட்ட வாயேஜர் கலங்களிலுள்ள தங்க முலாம் பூசிய தட்டிலும் அது இருக்கிறது. மக்கள் கேட்டார்கள், கலங்கினார்கள், கிளர்ந்தார்கள். அனைத்துலகத் திமிங்கில ஆணையம் 1982ஆம் ஆண்டில் வணிக வேட்டையை நிறுத்திவைக்க வாக்களித்தது. 1986இல் அது நடைமுறைக்கு வந்தது. நார்வேயும் ஐஸ்லாந்தும் அதற்குக் கட்டுப்படாமல் வேட்டையாடின. ஜப்பான் 2019இல் ஆணையத்தை விட்டே விலகியது. எனினும் பெருங்கொலை நின்றது.

இங்கே வாசகர்கள் ஒரு கணம் நின்று நம்மோடு யோசிக்க வேண்டும். மக்கள் ஏன் இரங்கினார்கள்? பாட்டு இனிமையாக இருந்ததால். அப்படியாயின், இனிமையாகப் பாடத் தெரியாத திமிங்கிலத்தின் கதி என்ன? நீலத் திமிங்கிலம் எழுப்பும் ஒலியில் பெரும்பகுதி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே. மனிதக் காதுக்கு எட்டாது. ஒலிநாடாவைப் பல மடங்கு விரைவாக ஓட்டினால்தான் நமக்குக் கேட்கும். கேட்டாலும் அது பாட்டுப்போல் இராது, முனகல்போல்தான் இருக்கும். குரல் நன்றாக இருக்கிற யாசகனுக்குக் காசு விழுகிறது. தொண்டை கட்டியவன் பசியோடு போகிறான். இதை இரக்கம் எனலாம், நீதி எனலாமா? இரக்கம் நம் செவியின் சுவையைப் பொறுத்தது. நீதியோ எதிரிலிருப்பவனின் உரிமையைப் பொறுத்தது. இசைத்தட்டு செய்த நன்மையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நன்மைக்கு அடியில் ஒரு தற்பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: நம்மைப்போல் பாடுகிறது, ஆகவே வாழட்டும்!

இதே தவறு வேறொரு வடிவிலும் நிகழ்ந்தது. வட பசிபிக் கடலில் 52 ஹெர்ட்ஸில் குரலெழுப்பும் ஒரு திமிங்கிலத்தை 1989ஆம் ஆண்டில் கருவிகள் பிடித்தன. மற்றவற்றின் குரலைவிட மிக உயர்ந்த சுருதி. வாட்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1992 முதல் பன்னிரண்டு ஆண்டுகள், குரலை மட்டுமே அடையாளமாகக் கொண்டு, அது எங்கெங்கே போய்வந்தது என்று வரைந்தார்கள். உருவத்தை எவரும் கண்டதில்லை. 2004ஆம் ஆண்டில் அக்கட்டுரை வெளிவந்தது. உடனே பத்திரிகைகள் அதற்கு ‘உலகிலேயே தனிமையான திமிங்கிலம்’ என்று பட்டம் சூட்டின. எவரும் புரிந்துகொள்ளாத மொழியில் அது துணை தேடி அழுகிறதாம்! மற்றத் திமிங்கிலங்களுக்கு அந்தக் குரல் கேட்காது என்று யார் சொன்னது? பெருநகரங்களின் அடுக்கு வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமல் வாழும் நாம், நம்முடைய தனிமையைத் தூக்கி அந்த உயிரின் முதுகில் ஏற்றிவிட்டோம். ஒட்டுக் கேட்டவன் செய்யும் இரண்டாவது குற்றம் இதுதான்: பாதி கேட்டுவிட்டு மீதியைத் தானே இட்டு நிரப்புவது. ஊரில் எத்தனை குடும்பங்கள் இதனால் பிரிந்திருக்கின்றன!

சரி, குரலை வைத்து வழியை அறிவது எப்படி? முறை எளியது. கடலடியில் மூன்று நான்கு இடங்களில் ஒலிவாங்கி இருக்கிறது. ஒரே குரல் ஓரிடத்துக்கு முன்னும் மற்றோரிடத்துக்குப் பத்து வினாடி பின்னும் வந்தால், இரண்டாவது இடம் குரலெழுந்த இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அதிகத் தொலைவு. இப்படி எல்லா இடங்களின் வேறுபாட்டையும் வைத்துக் கணக்கிட்டால் பாடுகிறவர் நிற்குமிடம் தெரிந்துவிடும். நாள்தோறும் கணக்கிட்டால் வழி தெரியும். பனிப்போர் முடிந்து, கப்பற்படையின் இரகசிய வலை 1991இல் வெளிப்படையானபின், கிறிஸ்டோபர் கிளார்க் என்னும் ஆய்வாளருக்கு அதைத் திறந்துவிட்டார்கள். அவரும் கப்பற்படையினரும் ஒரே ஒரு நீலத் திமிங்கிலத்தை 43 நாள், ஏறத்தாழ 1,700 மைல், ஒருவரும் கண்ணால் காணாமல் பின்தொடர்ந்தார்கள். எதிரியைத் தேட வைத்த செவி இப்படியும் பயன்பட்டது.

இன்னொரு வகையும் உண்டு. கருவியைக் கடலடியில் இறக்கி ஓராண்டு விட்டுவைத்து, எடுத்து, எந்த மாதத்தில் எந்தக் குரல் வந்தது, எப்போது நின்றது என்று பார்ப்பார்கள். நீலத் திமிங்கிலங்களில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக் குரல். நம்மூர்ப் பேச்சைக் கேட்டதுமே காயலா, கீழக்கரையா, நாகூரா என்று சொல்லிவிடுகிறோமே, அதுபோல. இந்து மாக்கடலில் மட்டும் பல வழக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு ‘இலங்கைக் குரல்’ என்றே பெயர். 1980களில் திருகோணமலைக்கு அப்பால் பதிவானது. 2017ஆம் ஆண்டில் ஓமன் கரையில் அதுவரை எவரும் குறித்திராத ஒன்று பதிவாகி, 2020இல் அறிவிக்கப்பட்டது. சாகோஸ் தீவுகளருகே மற்றொன்று இருப்பதை 2021இல் அறிவித்தார்கள். இதைக் காட்டிக்கொடுத்தவை, அணுகுண்டுச் சோதனையை எந்த நாடாவது திருட்டுத்தனமாக நடத்துகிறதா என்று கண்காணிக்க டீகோ கார்சியாத் தீவருகே வைத்த ஒலிவாங்கிகள்! மறுபடியும் பார்த்தீர்களா? மனிதன் மனிதனை நம்பாததால் வைத்த காதில்தான் திமிங்கிலம் அகப்படுகிறது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. பேசுகிறவர்களை மட்டுமே இது எண்ணும். திமிங்கிலங்களில் நீண்ட பாட்டுப் பாடுவது ஆண்கள். பெண்களும் குட்டிகளும் வாய்மூடிச் செல்லும் வழி கருவிக்குப் பெரும்பாலும் தெரிவதேயில்லை. குரல் நின்றது என்றால் போய்விட்டன என்று பொருளா, மௌனமாக இருக்கின்றன என்று பொருளா? சபையில் உரக்கப் பேசுகிறவர்களை எண்ணிவிட்டு ஊரின் கருத்தை எழுதிவிடுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

அந்த மௌனத்தைப் பற்றி 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எக்ஸ்மத் வளைகுடா என்னும் ஒதுக்கிடம் உண்டு. கூனல் திமிங்கிலத் தாய்மார் பிறந்த குட்டிகளை அங்கே வைத்துப் பாலூட்டி வளர்த்து, பின்பு தென்துருவக் கடல்வரை ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் அழைத்துச் செல்கிறார்கள். டென்மார்க்கையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் எட்டுக் குட்டிகளின் முதுகிலும் இரண்டு தாய்களின் முதுகிலும் உறிஞ்சிப் பற்றும் கிண்ணங்களால் சிறு ஒலிப்பதிவுக் கருவிகளை ஒட்டினார்கள். அவை பதிவு செய்தது என்ன? கிசுகிசுப்பு. கடலதிரப் பாடும் இனத்தைச் சேர்ந்த அந்தக் குட்டிகள் தாயிடம் மெல்ல முனகுகின்றன. நூறு மீட்டருக்கு அப்பால் அந்த ஒலி கேட்காது. பசித்தால் குரல் கொடுப்பதுகூட இல்லை. உடம்பைத் தாயின் மேல் உரசுகின்றன. ஏன் இவ்வளவு எச்சரிக்கை? கொலைத் திமிங்கிலங்கள் கேட்டுவிட்டால் குட்டிக்கு ஆபத்து. ஆண் திமிங்கிலங்கள் கேட்டால் தாய்க்குத் தொல்லை. ஆகவேதான் இரகசியம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

தூணுக்குப் பின்னால் நின்று கேட்ட நாள்தான் நமக்கு நினைவுக்கு வந்தது. உம்மா குரலைத் தாழ்த்தியது நாம் கேட்கக்கூடாதென்று. இந்தத் தாயும் பிறர் கேட்கக்கூடாதென்றுதான் குரலைத் தாழ்த்துகிறது. கொலைத் திமிங்கிலத்துக்கும் எட்டாத அந்தப் பேச்சை, குட்டியின் முதுகிலேயே கருவியை ஒட்டிக் கேட்டுவிட்டோம். பெர்முடாவில் நடந்தது தற்செயல், இது தற்செயலன்று. செய்திருக்கலாமா?

நாம் இதில் நெடுநேரம் தயங்கினோம். கருவி உயிருக்கு ஊறு செய்யவில்லை. சில மணி நேரத்தில் தானே கழன்று மிதந்துவிடும். ஆயினும் ஊறு இல்லாததால் மட்டும் ஒரு செயல் நல்லதாகிவிடாது. மருத்துவர் நம் வீட்டுப் பெண்களின் நாடியைத் தொடுகிறார், அந்நியர் தொடலாகாது. இருவரின் விரலும் விரல்தான். தொட்டபின் மருந்து தரும் கடமையை ஏற்றுக்கொண்டதுதான் மருத்துவரின் விரலுக்கு உரிமை தருகிறது. அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டதற்கும் அதே நியாயம்தான் இருக்க முடியும். அவ்வளவு மெல்லிய பேச்சைக் கப்பலின் இரைச்சல் எளிதில் விழுங்கிவிடும் என்று தெரிந்தபின், இரைச்சலைக் குறைப்பவனுக்கே கேட்ட உரிமை உண்டு. கேட்டுவிட்டுக் கட்டுரை எழுதி மேசையில் வைத்துவிட்டால், நாம் தூணுக்குப் பின்னால் நின்ற பிள்ளைதான்.

கடலில் நம் இரைச்சல் சிறிதன்று. கலிபோர்னியாக் கரைக்கப்பால் 1960களின் நடுவில் அளந்த கடலொலியையும் 2003–2004இல் அளந்ததையும் ஒப்பிட்டபோது, தாழ்ந்த சுருதியில் 10 முதல் 12 டெசிபல் கூடியிருந்தது. டெசிபல் கணக்கில் பத்துக் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. திமிங்கிலங்கள் பேசும் அதே சுருதியில்தான் கப்பல்களின் சுழல்விசிறிகளும் இரைகின்றன. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில், கப்பற்படையின் ஒலிக்கருவிப் பயிற்சிக்குப் பின் 17 கடல் பாலூட்டிகள் கரையேறிக் கிடந்தன. அந்தக் கருவியே காரணமாயிருக்கக்கூடும் என்று அரசின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

இரைச்சல் அவற்றை உண்மையில் வருத்துகிறதா என்று கேட்போர் உண்டு. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் உலகத்துக் கப்பல்களையெல்லாம் சில நாள் நிறுத்த வேண்டும். யார் நிறுத்துவார்? ஆனால் ஒருமுறை நின்றன. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11க்குப் பின் வந்த நாட்களில் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. அங்கே அப்போது ஒலிப்பதிவும் நடந்துகொண்டிருந்தது. ரைட் திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்து, உடலின் கலக்கத்தைக் காட்டும் சுரப்புநீரை அளக்கும் வேலையும் தனியாக நடந்துகொண்டிருந்தது. பல ஆண்டுக்குப் பின், 2012இல், இரண்டையும் ஒப்பிட்டவர்கள் வெளியிட்ட முடிவு: இரைச்சல் 6 டெசிபல் குறைந்த அந்த நாட்களில் அவற்றின் கலக்கமும் குறைந்திருந்தது. உலகம் துயரத்தில் உறைந்துகிடந்த வாரத்தில், அந்த உயிர்களுக்கு மட்டும் சற்று மூச்சுவிட நேர்ந்தது! இதைப் படித்தபோது நமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. வெட்கமே உண்டாயிற்று.

நம் உறவினர் ஒருவர் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் நெடுங்காலம் உழைத்தவர். நமக்கு மாமா முறை. வளைகுடாவிலிருந்து சிங்கப்பூர்வரை எத்தனையோ முறை போய்வந்தவர். இலங்கையின் தென்கோடியில் தெய்வேந்திரமுனைக்கு அப்பால் உலகத்தின் நெருக்கமான கப்பல் பாதைகளில் ஒன்று இருக்கிறது; நீலத் திமிங்கிலங்கள் இரைதேடும் இடமும் அதுவே; கப்பல் மோதிச் சில இறந்துமிருக்கின்றன. இந்தச் செய்திகளை அவரிடம் சொன்னோம்.

“மருமகனே, எஞ்சின் அறையில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே எங்களுக்கு விளங்காது. கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். அந்தச் சத்தம் இரும்புக்கு வெளியேயும் போகும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை” என்றார்.

“கப்பலை மெதுவாக விட்டால் என்ன, மாமா?” என்று கேட்டோம்.

“விடலாம். ஒரு நாள் தாமதித்தால் முதலாளிக்கு எவ்வளவு நட்டம் தெரியுமா? அரிசி விலையில்தான் அது வந்து நிற்கும்” என்றார். சற்று நேரம் கழித்து, “எண்ணெய் மிச்சமாகும், அதையும் சொல்ல வேண்டும்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்ன இரண்டும் மெய். நாம் உண்ணும் அரிசியும் எரிக்கும் எண்ணெயும் வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் பொருள்களும் அந்தப் பாதையில்தான் வருகின்றன. ஆகவே இரைச்சல் யாருடையது என்று கேட்டால், கப்பல்காரனைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது. ஆனால் வழியே இல்லையென்றும் சொல்ல முடியாது. கனடாவின் மேற்குக் கரையில் 2017 முதல், ஹாரோ நீரிணையில் கொலைத் திமிங்கிலங்கள் வரும் காலத்தில், கப்பல்களை மெதுவாகச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறார்கள், கட்டாயமில்லை, ஆயினும் பெரும்பாலோர் இணங்கினார்கள், இரைச்சலும் குறைந்தது. தெய்வேந்திரமுனைக்கு அப்பாலும் கப்பல் கம்பெனி ஒன்று 2022இல் தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே தள்ளிச் செல்லப் பணித்தது. சுழல்விசிறியின் அமைப்பைத் திருத்துவது முதலான யோசனைகளை அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2014இல் வெளியிட்டு, 2023இல் திருத்தியது. அவையும் யோசனைகளே, ஆணைகளல்ல. நோயாளி இருக்கும் வீட்டைக் கடக்கும்போது வண்டிக்காரன் மணியடிக்காமல் போவதற்குச் சட்டமா வேண்டும் என்று கேட்கலாம். சட்டம் வேண்டாத நல்லவர்கள் இருக்கிறார்கள், மற்றவர்களுக்காகத்தான் சட்டம்.

நம் கடலுக்கே வருவோம். அரபிக்கடலில் வாழும் கூனல் திமிங்கிலங்கள் மற்றக் கூட்டங்களைப்போல் துருவக் கடலுக்குப் போவதில்லை. இந்தக் கடலையே வீடாகக் கொண்டவை. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அவற்றுள் 242ஐக் கொன்றன. பொய்க்கணக்கு எழுதி மறைத்தன. அந்த நாடு சிதைந்தபின்தான் உண்மை வெளிவந்தது. ஓமன் கரையில் எஞ்சியவை நூறுக்கும் குறைவு என்று கணித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒரு பெண் திமிங்கிலத்துக்கு லுபான் என்று பெயர். வாலிலுள்ள தழும்பு சாம்பிராணி மரத்தைப்போல் இருந்ததால் வைத்த அரபிப் பெயர். அது பெண்ணாதலால் பாடவில்லை. ஒலிவாங்கிக்கு அகப்படவில்லை. 2017இல் அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவிதான் அது கடலைக் கடந்து இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்ததையும் தெற்கே இறங்கியதையும் தெரிவித்தது. அரபு நாட்டுக்கும் மலையாளக் கரைக்கும் இடையே நம் முன்னோர் மரக்கலம் ஓட்டிய அதே வழி. அந்தக் காலத்திலும் அவை கீழே போய்க்கொண்டிருந்திருக்கும். பாயில் காற்றடிக்கும் ஓசையைத் தவிர வேறு இரைச்சலில்லாத கடல்!

அதன்பின் லட்சத்தீவிலும் ஒலிவாங்கி வைத்தார்கள். திவ்யா பணிக்கர் என்னும் இந்திய ஆய்வாளர் 2018ஆம் ஆண்டின் இறுதி முதல் 2020ஆம் ஆண்டின் தொடக்கம் வரை கவரத்தித் தீவருகே கடலடியில் கருவிகளை இறக்கிக் காத்திருந்தார். மழைக்காலம் தொடங்குவதற்கு முந்திய கோடை மாதங்களில், இலங்கைக் குரல் என்று பெயர் பெற்ற அதே குரல் அங்கே பதிவாகியிருந்தது. திருகோணமலையில் கேட்டது கவரத்தியிலும் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே அவை செல்லும் வழியில்தான் நம் கப்பல்களும் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கின்றன.